ஏழு பேரையும் கடல் திருப்பிக் கொடுத்தது: பெர்கன் ஊர்க் கல்லறையில் ஒரு லங்காஸ்டர் குழு

முதலில் என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1943 மே மாதம் ஓர் இரவில் ஜெர்மானிய அணைகளைத் தாக்கப் போய்த் திரும்பாத ஹென்றி மெல்வின் யங் என்ற பிரிட்டிஷ் விமானியும் அவருடைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானக் குழுவும் நெதர்லாந்தில் 'பெர்கன்' என்ற ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, வரைபடத்தில் நேராகப் பெர்கன் ஆப் ஸோமுக்குப் போய்விட்டேன். அங்கே பெரிய போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. அதே இரவில் அதே ஸ்குவாட்ரனிலிருந்து (விமானப்படைப் பிரிவிலிருந்து) போய்த் திரும்பாத ஒரு குழுவும் அங்கே இருக்கிறது. ஆனால் அது லூயிஸ் பர்பீ என்ற கனடாக்காரரின் குழு, யங்கின் பெயர் பட்டியலில் இல்லை. அரை மணி நேரம் தேடின பிறகுதான் புரிந்தது, நான் நாட்டின் தெற்குக் கோடியில் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆள் இருப்பது வடமேற்குக் கடற்கரையில். பெர்கன் என்றால் டச்சு மொழியில் மேடுகள், மலைகள். தட்டையான நாடு என்பதால் கொஞ்சம் மேடாக இருந்தாலே அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள் போல. அப்புறம் இன்னொரு குழப்பம்: இந்தக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் தலைவராக இருந்த கை கிப்சன் 1944 செப்டம்பரில் விழுந்து இறந்து புதைக்கப்பட்ட ஊரின் பெயர் ஸ்டேன்பெர்கன். ஆக ஒரே கதைக்கு மூன்று பெர்கன்கள். தேடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

நான் சொல்ல வந்த பெர்கன், வட ஹாலந்து மாகாணத்தில் அல்க்மார் நகரத்துக்குப் பக்கத்தில், கடலோர மணல்மேடுகளை ஒட்டி இருக்கும் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் கூடித் தங்கிய இடம் என்று பெயர் வாங்கியது. அதன் பொதுக் கல்லறைத் தோட்டத்தில், ஊர்க்காரர்கள் புதைக்கப்பட்ட அதே இடத்தில், ஒரு பக்கமாக வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை விமானப்படைக் கல்லறைகள். அவற்றில் ஏழு கற்களில் ஒரே தேதி: 1943 மே 17.

இந்த ஏழில் என்ன விசேஷம்? அந்த இரவில் ஜெர்மானிய அணைகளைத் தாக்கப் போன விமானங்களில் கடலில் விழுந்தவை இரண்டு. ஒன்றிலிருந்து ஏழு பேரின் உடல்களும் கிடைத்தன. மற்றதிலிருந்து ஒரே ஒருவருடையது. ஒரே கடல், ஒரே வகை விமானம், விழுந்ததில் நாலு மணி நேர வித்தியாசம். ஏன் இப்படி என்ற கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

அந்த இரவு

அணைத் தாக்குதல் பலருக்கும் தெரிந்த கதை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1943 மார்ச்சில் புதிதாக உருவாக்கப்பட்ட 617-ஆம் ஸ்குவாட்ரன், மே 16 இரவு இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்களில் கிளம்பியது. மொத்தம் 133 பேர். ஒவ்வொரு விமானத்தின் வயிற்றிலும் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த, நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளைக் குண்டு. அதைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு, தண்ணீருக்கு மேலே வெறும் 18 மீட்டர் உயரத்தில் பறந்து விட வேண்டும். அது நீர்மேல் தத்தித் தத்திப் போய், அணைச் சுவரில் மோதி, சுவரை ஒட்டியே கீழே இறங்கி வெடிக்கும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டு விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதல் இலக்கான மோனே அணையில் கிப்சனின் குண்டு சுவரை எட்டவில்லை. இரண்டாவதாக வந்த ஹாப்குட்டின் விமானம் அடிபட்டு எரிந்தது, அவருடைய குண்டு அணையைத் தாண்டிப் போய் மின்நிலையத்தில் வெடித்தது. மூன்றாவது விமானத்தின் குண்டு இடதுபக்கம் ஒதுங்கிவிட்டது. நான்காவதாக வந்தவர் யங். நேரம் 00:43. அவருடைய குண்டு மூன்று தத்தலில் போய்ச் சரியாகச் சுவரில் உட்கார்ந்து வெடித்தது, தண்ணீர் எழும்பி அணைக்கு மேலே வழிந்தது, ஆனால் அணை நிற்பது போலத்தான் தெரிந்தது. ஐந்தாவதாக மால்ட்பி நெருங்கி வரும்போதே சுவரின் உச்சி இடிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அவருடைய குண்டும் வெடிக்க, அணை போனது. அதை உடைத்தது யார் என்று யாராவது என்னைக் கேட்டால் யங் என்றுதான் சொல்வேன். இதில் வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு.

குண்டு தீர்ந்த பிறகும் யங் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கிப்சனுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்க வேண்டிய அடுத்த ஆள் அவர். அதனால் எடர் அணை வரைக்கும் கூடவே போனார். அது 01:52-க்கு உடைந்தது. அதன் பிறகுதான் திரும்பினார். சுமார் ஒரு மணி நேரத்தில், 02:58-க்கு, காஸ்ட்ரிகம் கடற்கரைக்கு வெளியே அவருடைய விமானம் கடலில் விழுந்தது. கரையோர பீரங்கிகள் சுட்டதில் அடிபட்டது. கடலைத் தாண்டினால் இங்கிலாந்து. வழியில் இருந்த ஆபத்துகளை எல்லாம் கடந்து, கடைசி பீரங்கி வரிசையையும் தாண்டி, நிலம் முடிந்து நீர் தொடங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டார்.

'டிங்கி'

யங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீர் இந்த மனிதரை விடவே இல்லை. 1915 மே 20-இல் லண்டனில் பிறந்தவர், தாய் அமெரிக்கர். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் கொஞ்ச காலம் படித்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, அங்கே படகு வலித்தார். 1938-இல் கேம்பிரிட்ஜைத் தோற்கடித்த ஆக்ஸ்ஃபோர்டு படகில் இவரும் ஒரு துடுப்பு. 1940-இல் விட்லி ரக குண்டுவீச்சு விமானங்களை ஓட்டும்போது இரண்டு தடவை விமானத்தைக் கடலிலேயே இறக்க நேர்ந்தது. முதல் தடவை காற்றடித்த ரப்பர் படகில் 22 மணி நேரம் அட்லாண்டிக்கில் கிடந்தார். இரண்டாவது தடவையும் பிழைத்தார். அந்த ரப்பர் படகுக்கு விமானப்படையில் டிங்கி என்று பெயர். அதிலிருந்து இவருக்கும் 'டிங்கி' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1942-இல் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். இறக்கும்போது 28 வயது முடிய மூன்று நாள் பாக்கி.

லங்காஸ்டரிலும் டிங்கி உண்டு. வலது இறக்கையில் மடித்து வைத்திருப்பார்கள், தண்ணீர் பட்டால் தானாகவே ஊதிக்கொண்டு வெளியே வரும். பிறகு ஏன் மூன்றாவது தடவை அது உதவவில்லை? 1940-இல் அவர் இறங்கியது வேகம் குறைத்து, தானே பார்த்து இறக்கியது. குழுவுக்குத் தயாராக நேரம் இருந்தது. 1943 மே 17-இல் நிலைமையே வேறு. ரேடாரில் சிக்காமல் இருக்கவும் இரவுச் சண்டை விமானங்களுக்குத் தப்பவும் இவர்கள் போக வரத் தரையை உரசுகிற மாதிரி, 30 மீட்டர் அளவில் பறந்தார்கள். அந்த உயரத்தில் மணிக்கு 370 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு நூறு மீட்டர். அடிபட்டு மூக்கு ஒரு சாய்வு சாய்ந்தால் தண்ணீருக்கு ஒன்று இரண்டு விநாடிதான். பாராசூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். தாழ்வாகப் பறந்ததுதான் அவர்களை அத்தனை தூரம் காப்பாற்றியது, அடிபட்ட பிறகு அதுவே வழியில்லாமல் செய்தது.

ஏழு பேர் யார் யார்: விமானி யங், ஃபிளைட் என்ஜினியர் டேவிட் ஹார்ஸ்ஃபால், நேவிகேட்டர் சார்லஸ் ராபர்ட்ஸ், வயர்லெஸ் ஆபரேட்டர் லாரன்ஸ் நிக்கல்ஸ், குண்டு விடுபவர் வின்சென்ட் மெக்காஸ்லண்ட், முன் துப்பாக்கி கார்டன் யோ, வால் துப்பாக்கி வில்ஃபிரெட் இபட்சன். வழக்கமான லங்காஸ்டரில் முதுகுப்புறம் ஒரு துப்பாக்கிக் கூண்டு இருக்கும். இந்தத் தாக்குதலுக்காக எடையையும் காற்றுத்தடையையும் குறைக்க அதைக் கழற்றிவிட்டு, அந்த ஆளை முன்கூண்டுக்கு அனுப்பினார்கள். மெக்காஸ்லண்ட் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவைச் சேர்ந்தவர். அதனால்தான் ஏழு கற்களில் ஒன்றில் மட்டும் கனடா விமானப்படையின் சின்னம்.

கடலிலிருந்து கல்லறை வரைக்கும்

இங்கிருந்துதான் ஆய்வு. ஏழு உடல்களும் ஒரே நாளில் வரவில்லை. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. ஆனால் கற்களில் ஏழுக்கும் ஒரே தேதி. காரணம், அது இறந்த தேதி, கிடைத்த தேதியோ புதைத்த தேதியோ கிடையாது. கல்லை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு வார இடைவெளி தெரியவே தெரியாது.

மே மாதத்தில் வட கடல் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். குளிர்ந்த நீரில் மூழ்கிய உடல் உடனே மேலே வராது, உள்ளே வாயு சேர நாட்கள் பிடிக்கும். மஞ்சள் மிதவை அங்கி போட்டிருந்து, அது கிழியாமலும் இருந்தால் சீக்கிரம் மிதந்துவிடும். விமானத்தின் உடம்புக்குள்ளேயே சிக்கியிருந்தால் தாமதமாகும், வராமலேயும் போகலாம். ஏழு பேரும் இரண்டு வாரத்துக்குள் வெளியே வந்திருக்கிறார்கள் என்றால், மோதிய வேகத்தில் விமானம் பிளந்திருக்க வேண்டும், விழுந்த இடமும் கரைக்கு நெருக்கமாக, ஆழம் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். டச்சுக் கடற்கரை நெடுக நீரோட்டத்தின் மொத்தப் போக்கு வடக்கு நோக்கித்தான். காஸ்ட்ரிகத்துக்கு வடக்கே எக்மண்ட், அதற்கும் வடக்கே பெர்கன். பெர்கனுக்கு அருகே ஒரு விமானத்தளம் உண்டு, 1940 மே 10 காலையில் ஜெர்மானியர்கள் குண்டுபோட்டு, பிறகு தாங்களே வைத்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் விழுகிற விமானப்படையினர் பலரும் இந்த ஊர்க் கல்லறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்பது அங்கே நிற்கிற கற்களிலிருந்தே தெரிகிறது.

அப்போது அந்தக் கரை முழுக்க ராணுவப் பகுதி. அட்லாண்டிக் சுவர் என்ற அரண் வரிசைக்காகக் கடலோர ஊர்களிலிருந்து மக்களை வெளியேற்றிவிட்டு, வீடுகளைக்கூட இடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக உடல் ஒதுங்கினால் விஷயம் ஜெர்மன் ராணுவத்தின் கைக்குத்தான் போகும். கழுத்தில் நூலில் கட்டிய இரண்டு நார் வில்லைகளைப் பார்ப்பார்கள்: ஒன்று பச்சை, எண்கோணம். இன்னொன்று சிவப்பு, வட்டம். இரண்டிலும் பெயர், எண், மதம். பச்சையை உடலோடு விட்டு, சிவப்பைக் கழற்றிப் பதிவுக்கு எடுக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஏற்பாடு. உலோகத்தில் செய்யாமல் நாரில் செய்ததால் பெரிய தீயில் அழிந்துபோகும், ஆனால் உப்புத் தண்ணீரில் சில வாரம் தாங்கும். தரையில் விழுந்து எரிந்தவர்களைவிட, கரைக்கு வந்து சேர்ந்த இவர்களை அடையாளம் காண்பது சுலபமாக இருந்திருக்கும். கொடுமையான கணக்குத்தான். வில்லையும் இல்லாவிட்டால் துணியில் இருக்கும் சலவைக் குறி வரைக்கும் பார்ப்பார்கள். கிப்சனின் அடையாளத்துக்கே ஒரு சாக்ஸில் இருந்த சலவைக் குறிதான் உதவியது என்று சொல்வார்கள்.

ஜெர்மானியர்கள் தயாரித்த இறந்தோர் பட்டியல், ஜெனீவாவின் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக லண்டனின் விமான அமைச்சகத்துக்கு வரும். அதுவரை குடும்பத்துக்குக் 'காணவில்லை' என்ற தந்தி மட்டும். அந்த ஒரு தாக்குதலுக்கு மட்டும் ஸ்காம்ப்டனிலிருந்து 56 வீடுகளுக்குத் தந்தியும், பின்னாலேயே கிப்சன் கையெழுத்திட்ட கடிதமும் போயின. அதில் மூன்று பேர் உயிரோடு பிடிபட்டிருப்பது பிறகு தெரிந்தது. மீதி 53.

ஊர்க் கல்லறையில் ஏன் விட்டுவிட்டார்கள்?

எனக்குச் சுவாரசியமான பகுதி இதுதான். அந்த இரவில் இறந்த 53 பேரில் பெரும்பான்மையோர் ஜெர்மன் மண்ணில் விழுந்தார்கள். போருக்குப் பிறகு அங்கே ஊர் ஊராகப் புதைத்திருந்தவர்களைத் தோண்டி எடுத்து, ரைஷ்வால்ட் காடு, ரைன்பெர்க் போன்ற பெரிய போர்க் கல்லறைகளில் சேர்த்துவிட்டார்கள். எதிரி நாட்டில், மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும் கல்லறைகளைப் பராமரிப்பது நடக்காத காரியம் என்று நினைத்தார்கள். பர்பீயின் குழுவையும்கூட விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் புதைத்து, பிறகு பெர்கன் ஆப் ஸோமுக்கு மாற்றினார்கள். ஆனால் நெதர்லாந்து, டென்மார்க், பிரான்ஸ் நாடுகளில் பல ஊர்க் கல்லறைகளை அப்படியே விட்டார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. யங் குழுவும் முதலில் புதைத்த பெர்கனிலேயே இருக்கிறது.

இதன் மறுபக்கத்தைச் சென்னையில் பார்க்கலாம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறை 1952-இல் உருவாக்கப்பட்டது, தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளில் இருந்தவர்களை, அங்கெல்லாம் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று முடிவுசெய்து ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததுதான். பெர்கனில் விட்டார்கள், நம்மூரில் எடுத்தார்கள். எல்லாம் அந்த ஊரை, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையம் எந்த அளவு நம்பியது என்பதைப் பொறுத்தது.

சொந்த நாட்டுக்கு எடுத்துப் போகவில்லையே என்று கேட்கலாம். பிரிட்டன் முதல் உலகப் போரிலேயே அந்தக் கதவை மூடிவிட்டது. பணக்காரன் மகன் வீட்டுக்கு வருவான், ஏழை மகன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை வரக்கூடாது என்பது வாதம். 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படையும் இதுதான்: அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். யங் ஸ்குவாட்ரன் லீடர், யோ சார்ஜன்ட். பெர்கனில் இருவர் கல்லும் ஒரே உயரம். அமெரிக்காவோ குடும்பம் கேட்டால் உடலை எடுத்துக் கொடுத்தது. யங்கின் மனைவி அமெரிக்கர்தான், ஆனால் கணவர் பிரிட்டிஷ் சீருடையில் இறந்தவர், அதனால் அந்த வழி அவருக்குத் திறக்கவில்லை. சமத்துவம் என்று ஆணையத்தை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பல்லாயிரம் பேருக்கு அந்தச் சமமான கல் கிடைக்கவில்லை என்று 2021-இல் ஆணையமே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டது.

கல்லில் குடும்பத்துக்கென்று கீழே ஒரு சின்ன இடம் விடுவார்கள். 66 எழுத்துகளுக்குள் எழுதிக்கொள்ளலாம், இடைவெளியும் சேர்த்து. நியூசிலாந்து அரசு அதையும் அனுமதிக்கவில்லை, எல்லாரும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று. ஊர்க் கல்லறைகளில் விமானக் குழுக்களைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். கற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றால், உள்ளே இருப்பவர்களைப் பிரித்து அடையாளம் காண முடியவில்லை, சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நெதர்லாந்தில் ஆண்டுதோறும் மே 4 இரவு எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் நாடே நின்று மௌனம் காக்கும். இந்த மாதிரி ஊர்க் கல்லறைகளில் அன்று பூ வைப்பதும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவதும் பல ஊர்களில் வழக்கம்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அணை உடைந்து வந்த வெள்ளத்தில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜெர்மானியர்களே கிடையாது, கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட வெளிநாட்டவர்கள், மோனேக்குக் கீழே நேஹைம் ஊரின் முகாமில் அடைத்து வைத்திருந்த சோவியத் பெண்கள் உட்பட. யங்குக்கும் அவர் குழுவுக்கும் ஆளுக்கொரு கல், பெயரோடு. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அணையையோ நாலைந்து மாதத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

மற்ற விமானம்

சரி, அந்த இன்னொரு விமானத்துக்கு வருகிறேன். கனடாவைச் சேர்ந்த பையர்ஸ் ஓட்டியது. இது போகும்போதே, இரவு 22:57-க்கு, வடக்கே டெக்சல் தீவை ஒட்டி அடிபட்டு வாடன் கடலில் விழுந்தது. அன்றைய முதல் இழப்பு. யங்கின் விமானம் குண்டைப் போட்டுவிட்டு, எரிபொருளும் பெரும்பகுதி தீர்ந்து, லேசாக வந்தது. பையர்ஸின் விமானத்தில் நாலு டன் குண்டு அப்படியே வயிற்றில் இருந்தது, எரிபொருள் தொட்டிகளும் கிட்டத்தட்ட நிறைந்திருந்தன. விழுந்ததும் நேராக அடிக்குப் போயிருக்கும். வாடன் கடல் ஆழமில்லாதது என்றாலும் அடியில் சேறும் நகரும் மணலும், இடையிடையே வேகமான கால்வாய்களும். உள்ளே சிக்கியவர் மூடிப்போவதற்கு அதுவே போதும்.

கிடைத்தவர் வால் துப்பாக்கிக்காரர் ஜேம்ஸ் மெக்டவல் மட்டும். வால் கூண்டு விமானத்தின் கடைக்கோடியில் தனியாக ஒட்டிக்கொண்டிருப்பது, மோதலில் உடைந்து பிரிய வாய்ப்பு அதிகம். மற்ற ஆறு பேர் வராமல் அவர் மட்டும் வந்ததற்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல விளக்கம் இல்லை. அவருடைய உடல் ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, ஜூனில், மிதந்து கிடைத்தது. ஹார்லிங்கன் துறைமுக ஊரின் பொதுக் கல்லறையில் புதைத்தார்கள். பையர்ஸும் மற்ற ஐந்து பேரும் லண்டனுக்கு மேற்கே ரனிமீடில், கல்லறை தெரியாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களோடு, நினைவிடச் சுவரில் வெறும் பெயர்களாக இருக்கிறார்கள்.